தும்பைக்குக் கீழே கோடு போட்டேன்

அந்த எண்ணம் எனக்கு முதலில் தோன்றியது பசுமலை பஸ் ஸ்டாப்பில். மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காயைப் பாதி தின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அண்ணன். அவன் ராணுவத்தில் இருக்கிறான். வடக்கே எல்லையோரம் ஏதோ ஒரு மலையடிவாரம். எந்த இடம் என்று அவன் சொல்லக் கூடாது, நாங்களும் கேட்கக் கூடாது. சாப்பிட்டியா, படிக்கிறியா என்கிற விசாரிப்பு எதுவும் இல்லை. நாலே வரி.

தும்பை சூடி நிற்கிறேன்
இலைக்குள் இலையாக.
எறும்பு ஏறிப் பார்த்துவிட்டு
இறங்கிப் போகிறது.

நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. அன்று காலை முதல் வகுப்பே போர்ப் பூக்கள்தான். அந்தக் காலத்துப் போர்ப்பாட்டில் வீரன் தலையில் என்ன பூ இருக்கிறதோ, அதுதான் சேதி. வெட்சி சூடியிருந்தால் எதிரியின் மாடுகளை ஓட்டிவரக் கிளம்புகிறான். கரந்தை என்றால் அவற்றை மீட்கப் போகிறான். வாகை என்றால் ஜெயித்துவிட்டான். தும்பை என்றால் இரண்டு படையும் நேருக்கு நேர் நின்றாயிற்று, இனி பின்வாங்கல் கிடையாது, உயிர் போனாலும் போகட்டும் என்று அர்த்தம்.

இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும். ஏனென்றால் போன லீவில் அவன் வந்திருந்தபோது வண்டியின் பின்னால் உட்கார்ந்து தெப்பக்குளம் வரைக்கும் நான்தான் தொணதொணவென்று சொல்லிக்கொண்டு போனேன். அவன் கேட்டானா, காற்று கேட்டதா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கேட்டிருக்கிறான்! நேராகச் சொல்ல முடியாததைப் பூவுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான். அப்படியானால் இந்த ஒரு பாட்டு மட்டுமா, இதுவரை அனுப்பியதெல்லாமே அப்படித்தானா? ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

முதல் ஒரு நிமிஷம் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பரீட்சையில் யாரும் எழுதாத விடையைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு துள்ளல். பஸ் வந்து, ஏறி, கம்பியைப் பிடித்த பிறகுதான் அந்தப் பூ யார் தலையில் இருக்கிறது என்று உறைத்தது. மீதி வெள்ளரிக்காய் கையிலேயே வாடிப்போனது.

அண்ணன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். பள்ளிக்கூடத்தில் தமிழில் அவன் வாங்கிய மார்க்கை இங்கே எழுதினால் அடிக்க வருவான். நான் தமிழ் எடுத்துப் படிக்கிறேன் என்றதும் "வாங்க புலவரே, சோறு ரெடி" என்று கிண்டல் பண்ணியவனும் அவன்தான். போன வருஷம் திடீரென்று ஒருநாள் மூன்று வரி அனுப்பினான். பிறகு மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. தும்பைப் பாட்டு பதினொன்றாவது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான்: "அம்மாட்ட காட்டாத. பயந்துக்கிரும்."

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே அம்மா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறார். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். ஆகவே கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் நானும் அம்மாவும்தான். அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா வழக்கம்போலக் கேட்டார்.

"அண்ணன் பேசுனானா?"

"மெசேஜ் போட்டான்மா. நல்லா இருக்கானாம்."

பொய் சொன்னேன் என்று கூடச் சொல்ல முடியாது. அவன் என்ன சொன்னான் என்பதே எனக்குத் தெரியாதே.

நீளமான நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு இழுத்தேன். இடது பக்கம் அண்ணனின் வரி, வலது பக்கம் அதன் பொருள். பொருள் தரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு. வகுப்பில் அப்படித்தான் பழக்கம். பாட்டு முழுவதையும் எழுத நேரம் இருக்காது. முக்கியமான சொல்லைப் பிடித்துக் கோடு போட்டு, பக்கத்தில் உரையை எழுதிக்கொண்டே ஓட வேண்டியதுதான். பரீட்சைக்கு முந்தின நாள் எங்களில் யாரும் பாட்டைப் படிப்பதில்லை, வலது பக்கத்தைத்தான் படிப்போம்.

பதினொரு பாட்டையும் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். பத்தாவது பாட்டில் கம்பிவேலியில் ஒரு காகம் வந்து உட்கார்கிறது. காகம் என்றால் செத்துப்போன முன்னோர் என்று எழுதினேன். இரண்டாவதில் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது. பயணம் முடிந்தது. ஐந்தாவதில் டார்ச் விளக்கில் பேட்டரி தீர்கிறது. அதற்கு எழுதியதைத் திரும்பச் சொல்லவே மனசு வரவில்லை. பதினொன்றில் எறும்பு உடம்பில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறது. அசையாத உடம்பில்தானே எறும்பு ஏறும்? வலது பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தால் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியது.

என் வகுப்பில் ஒருத்தன் இருக்கிறான், அவனியாபுரத்துக்காரன். ஆண், பெண் பார்க்காமல் எல்லோரையும் மாப்ள என்பான். அவனிடம் மட்டும் நோட்டைக் காட்டினேன்.

"மாப்ள, ஒனக்கு எறும்பு ஊர்ந்தாலும் குறியீடு. இன்னைக்கு கேன்டீன் வடையில ஓட்டை இருந்துச்சே, அது என்ன, சூனியமா?"

"வெளயாடாதடா. அவன் மூணு நாளா மெசேஜே பாக்கல."

"சிக்னல் இருந்திருக்காது."

"போன மாசமும் அதே எடந்தான். அப்ப மட்டும் இருந்துச்சா?"

அவன் நோட்டை மூடி என் கையில் கொடுத்தான். கிண்டல் பண்ணுகிறவன் கிண்டலை விட்டதும் எனக்கு இன்னும் பயம் கூடியது. நான் அனுப்பிய ஏழு மெசேஜிலும் ஒற்றை டிக். அந்த ஒற்றை டிக்குக்கும் ஒரு பொருள் எழுதிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அம்புட்டு தூரம் போயிருந்தேன்.

நாலாவது நாள் கல்லூரிக்குப் போகாமல் ஆரப்பாளையத்தில் சோழவந்தான் பஸ் ஏறினேன். அண்ணனோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்த கூட்டாளி அங்கே லீவில் வந்திருந்தார். ஒரே யூனிட், ஒரே பாரக்ஸ். அவர் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார்கள். போனபோது கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வெயில் விழாமல் ஈரமும் நிழலுமாக இருந்தது. எனக்கு மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

"என்ன பாப்பா, இம்புட்டுத் தூரம்? ஒரு போனப் போட்டா ஆகாதா?"

"போன்ல சொல்ற விஷயம் இல்லண்ணே."

"லவ்வா? எவன்னு மட்டும் சொல்லு. பட்டாளத்து அடி எப்பிடி இருக்கும்னு அவனுக்குக் காமிப்போம்."

"அண்ணனப் பத்திண்ணே. நீங்க வாரப்ப அவன் எப்பிடி இருந்தான்?"

"அவனுக்கென்ன, நல்லாத்தான் இருந்தான். கொஞ்சம் பேச்சக் கொறச்சிக்கிட்டான். எதுக்குக் கேக்குற?"

கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். எனக்கு அது போதுமாக இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

"பாட்டு மாதிரி எழுதி அனுப்புறான்ணே. சாகுறதுக்குத் தயாராயிட்டேன்னு எழுதியிருக்கான்."

அவர் கை கொடியிலேயே நின்றுவிட்டது. "அப்பிடியேவா எழுதிருக்கான்?"

இந்த இடத்தில் நான் போனை நீட்டியிருக்கலாம். நாலு வரிதான். அவரே வாசித்திருப்பார். ஆனால் என் கையில் இருந்தது நோட்டு. நான் உறுதியாக நம்பியதும் அதைத்தான்.

"ஆமாண்ணே," என்றேன். வலது பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்தேன். முன்னோர் அழைக்கிறார்கள். பயணம் முடிந்தது. பின்வாங்கல் இல்லை. அசையாத உடம்பு.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கொடிக்காலுக்கு வெளியே, சிக்னல் கிடைக்கும் வரப்புக்குப் போனார். யாருடனோ இந்தியில் பேசினார். எனக்குப் புரிந்தது அண்ணனின் பெயரும், நடுநடுவே மேலதிகாரிக்குச் சொல்லும் "சாப்" என்றதும் மட்டும்தான். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"சொல்லிட்டேன். இனி அவங்க பாத்துக்குவாங்க. நீ வீட்டுக்குப் போ. வெயில்ல அலையாத."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலு நாளில் முதல் தடவையாக எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டான். என் போனுக்கு இல்லை, அம்மாவின் போனுக்கு. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவன் அம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை.

"அவகிட்ட குடு."

போனை வாங்கினேன். ஸ்பீக்கரை அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

"என் துப்பாக்கிய வாங்கி வச்சுட்டாங்க பாப்பா."

"அண்ணே..."

"கார்டு டூட்டியில இருந்து தூக்கிட்டாங்க. பாத்ரூம் போனாக்கூட வெளிய ஒருத்தன் நிக்கிறான். டாக்டர் தெனமும் ஒக்கார வச்சு, சாகணும்னு எப்பருந்து தோணுதுன்னு கேக்குறாரு. நான் சாகணும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதான எழுதுன. தும்பை சூடி நிக்கிறேன்னு."

 மறுமுனையில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"ஏ லூசு. பயிற்சிக்கு காட்டுக்குள்ள கூட்டிப்போயிருந்தாங்க. போன்லாம் வாங்கி வச்சுருவாங்க. ஹெல்மெட்டு மேல ஒரு வலை இருக்கும். ஆளு தெரியக் கூடாதுன்னா சுத்தி என்ன செடி மொளைச்சிருக்கோ, அதப் புடுங்கி அந்த வலையில சொருகணும். அங்கன தும்பைதான் மொளைச்சுக் கெடந்துச்சு. அசையாம ரெண்டு மணி நேரம் கெடக்கணும், எறும்பு ஏறத்தான் செய்யும். மொத நாள் டிரில் முடிஞ்சதும், போன வாங்கி வைக்கிறதுக்கு முன்னாடி, அட, நம்ம புலவரு சொன்ன பூவாச்சே, பாத்தா சிரிப்பாளேன்னு அனுப்புனேன்."

என்னைச் சிரிக்க வைக்க அனுப்பியது. நான் அதற்கு எழுதியிருந்த உரை ஒன்றரைப் பக்கம்.

"இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். இருந்ததெல்லாம் அழிச்சிட்டேன். நான் எழுதி வச்ச நோட்டையும் கிழிச்சுப் போட்டாச்சு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கிரைண்டர் நின்றிருந்தது. அம்மா எப்போது அணைத்தார் என்று தெரியவில்லை. கையில் மாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவன் பாட்டெல்லாம் எழுதுவானா?"

"ம்."

"எங்கிட்டச் சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணல." பிறகு, "ஒனக்கு வெளங்கலன்னா அவங்கிட்டயே கேக்கணும். ஊராங்கிட்டயா கேப்பாக?" என்றார்.  அன்று முழுக்க மாவு வாங்க வந்தவர்களிடம்கூட விரலால்தான் பதில்.

சோழவந்தான் கூட்டாளி மறுநாள் போன் போட்டார். விஷயம் அவருக்கும் போயிருந்தது.

"யம்மா தாயே, அந்தப் பாட்ட அன்னைக்கு நீ வாசிச்சிருந்தா நான் கொடிக்கால்லயே உருண்டு சிரிச்சிருப்பேன். இலைக்குள்ள இலையாங்குறான். அது டிரில்லுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியுமே."

"மன்னிச்சிருங்கண்ணே."

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற? நான் போன் போட்டதுக்கு வருத்தப்படல. இந்த மாதிரி விஷயத்துல ரெண்டாம் யோசனையே கூடாது. ஆனா ஒண்ணு பாப்பா, அவன் சொன்னதச் சொல்லாம நீ நெனச்சதச் சொன்ன பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

எனக்கும்தான். அடுத்த நாலு நாள் கல்லூரிக்குப் போனேன், வந்தேன். வகுப்பில் யார் எந்தப் பாட்டை நடத்தினாலும் பேனா தானாகவே கோடு போடப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

ஐந்தாவது நாள் மத்தியானம் அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது. "நான் எழுதுனத எல்லாம் டாக்டர் முழுசாக் கேக்குறாரு. எங்கிட்ட இல்ல. ஒங்கிட்ட இருக்குறத அப்பிடியே அனுப்பு. வியாக்கியானம் வேணாம்."

அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழைய மெசேஜ்களில் மேலே மேலே போய் ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்படியே ஃபார்வர்டு பண்ணியிருக்கலாம். ஆனால் அவன் நோட்டைக் கிழித்துவிட்டான். இனி உலகத்தில் இந்தப் பாட்டுகள் என் போனில் மட்டும்தான். போன் தொலைந்தால்? ஆகவே கோடு இழுக்காத புது நோட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, கையால் எழுத ஆரம்பித்தேன். பதினொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நான் எழுதியது அன்றுதான்.

மூன்றாவது பாட்டில் இப்படி ஒன்று வருகிறது: "ரெண்டு டம்ளர் டீ. அவன் டம்ளரில் சீனி அதிகம்." அடிக்கோடு போடாத வரி. டம்ளருக்கு எந்த இலக்கணத்திலும் பொருள் கிடையாதே, எதற்குக் கோடு? நாலாவதிலும் டம்ளர் வந்தது. ஆறாவதிலும். பனியில் கை விறைத்திருக்கிறது, ரெண்டு டம்ளர் டீ, யார் டம்ளர் முதலில் ஆறுகிறது என்று ஒரு பந்தயம். எட்டாவது பாட்டு முழுக்கவே இதுதான்:

அடுப்பை அணைத்தாயிற்று.
ரெண்டு டம்ளர்.
ஒன்றைக் குடித்துவிட்டேன்.
இன்னொன்றில் ஆடை கட்டிவிட்டது.
யாராவது எடுப்பார்கள் என்று
வெயில் வரும்வரை பார்த்தேன்.

ஒன்பதாவது இரண்டே வரி. "டம்ளரைக் கழுவி வைத்தேன். ரெண்டையும்." அதற்குப் பிறகு, காகத்திலும் தும்பையிலும், டம்ளரே இல்லை.

என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எட்டாவது பாட்டுக்கு நேரே வலது பக்கத்தில் நான் எழுதியிருந்தது: "குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை."

 அந்த இன்னொரு ஆள் யார்? மாற்றலாகிப் போனானா, ஊருக்குப் போனானா, சண்டையா? இல்லை, நான் நினைக்கப் பயப்படுகிற அதுவா? கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று கூட்டாளி சொன்னாரே, அது எட்டாவது பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

சோழவந்தானுக்கு ஒரு போன் போட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதே பாரக்ஸில் இருந்தவர், தெரியாமல் இருக்காது. எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அவனிடம் கேட்க வேண்டியதை இன்னொருத்தரிடம் கேட்கப் போகிறேன், அதுவும் இரண்டாவது தடவையாக. போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் கேட்காமல் இருப்பது சரிதானா என்றும் தெரியவில்லை. போன தடவை அவசரப்பட்டுக் கெடுத்தேன். இந்தத் தடவை தாமதித்துக் கெடுக்கிறேனோ? டாக்டர் கையில் எல்லாப் பாட்டும் முழுசாகப் போகிறதே என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பதினொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் இருக்கக் கட்டை விரலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு நீல டிக் வந்தது. வெகுநேரம் கழித்து "ம்" என்று ஒரு எழுத்து. மறுநாள், "லீவு குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வாரேன். அம்மாட்ட சொல்லு."

"துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன். பார்த்தான். பதில் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். பதினொரு பாட்டையும் வாசித்தும் காட்டினேன், அவன் நிபந்தனையை மீறித்தான். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "அவன் சீனி போட்டுக் குடிக்க மாட்டானே," என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து அவனுடைய லுங்கிகளைத் தேடி எடுத்துத் துவைக்கப் போட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. நாளை மத்தியானம் ஸ்டேஷனுக்கு நான் மட்டும் ஸ்கூட்டியில் போகிறேன். அண்ணன் சாவியைப் பிடுங்கிக்கொள்வான், என்னைப் பின்னால் உட்கார வைத்துத்தான் ஓட்டுவான். அது எனக்கு வசதி. அவன் முகத்தை நான் பார்க்க வேண்டாம், என் முகத்தை அவனும் பார்க்க வேண்டாம். தெற்குவாசல் பாலத்தில் வண்டி ஏறும்போது கேட்கப் போகிறேன்: "அந்த ரெண்டாவது டம்ளர் யாருக்குண்ணே?" அவன் சொல்லாவிட்டால் எட்டாவது பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பேன். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வில்லாபுரம் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

கடைசிப் பகுதிதான் எனக்கு ஆகாத காரியம். அதனால் இன்று காலை பஸ் ஸ்டாப்பில் அவனியாபுரத்தானிடம் ஒத்திகை பார்த்தேன். பாட்டை முழுசாகச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். அவனும் நின்றான். ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது.

"மாப்ள," என்றான், "ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பஸ் போகும்வரை தாங்கியிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். சாயந்திரம் அம்மாவோடு மாவு பாக்கெட் கட்டும்போது இன்னொரு தடவை பழகிப் பார்க்க வேண்டும்.